அப்பாவின் காட்டுப் பச்சை உடுப்பு

நெவில் ஹார்கிரீவ்ஸ் அன்று காலையில் மூன்றாவது முறையாக அந்தச் சட்டையைக் கட்டிலின் மேல் விரித்தான். காட்டுப் பச்சை நிறம். 1943-ல் இந்தியாவில் தைத்தது. அதற்குக் கீழே கால்சட்டை, கால்சட்டைக்குக் கீழே தோல் பூட்ஸ், தலையணை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் விளிம்பு மடித்த அகலத் தொப்பி. நடுவில், வயிறு இருக்க வேண்டிய இடத்தில், பித்தளைக் கொக்கி போட்ட அகலமான பெல்ட். பார்த்தால் ஒரு மனிதன் படுத்திருப்பது போலவே இருந்தது. ஆனால் உள்ளே ஆள் இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மேவிஸ் இருமினாள். அந்த இருமல் பஞ்சாலை தந்தது. பதினைந்து வயதில் பர்ன்லி ஆலைக்குள் நுழைந்தவள், இருபத்தேழு வருஷம் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தாள். ஆலை மூடிவிட்டது, அந்த இடத்தில் இப்போது தரைவிரிப்புக் கடை வந்துவிட்டது. தூசி மட்டும் அவள் நெஞ்சை விட்டு இறங்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் உருளை நிற்கிறது. இலைகள் உதிரும் வரை தாங்கினால் அதிர்ஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போய்ப் பத்து நாள் ஆகிறது. இப்போது ஜூலை முடியப் போகிறது.

"நெவி! டீ ஆறிப் போச்சுடா. அந்தத் துணிக்குத் தாலாட்டுப் பாடினது போதும், கீழ போய்க் குடி."

"உனக்கு மூச்சு வாங்குது, கத்தாத மேவ்."

"கத்தலைன்னா உனக்குக் காது கேக்குதா? நீதான் பர்மாவுல இருக்கியே!"

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நீண்டு, கடைசியில் ஓய்ந்தது. அந்த ஓய்வைக் கேட்டபடி நெவில் அசையாமல் நின்றான். இந்த வீட்டில் அவன் இப்போதெல்லாம் அதிகம் கேட்பது அந்த ஓய்வைத்தான். அடுத்த மூச்சு வரும் வரை அவனும் மூச்சு விடுவதில்லை.

அவனுக்கு ஐம்பத்தைந்து வயது. பள்ளிக்கூடம் ஒன்றில் கொதிகலனுக்கு உயிர் கொடுப்பது, உடைந்த ஜன்னலுக்குக் கண்ணாடி போடுவது, பனி விழுந்தால் வாசலில் உப்புத் தூவுவது அவன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. நான்கு வயதில் அம்மா ஐவி காசநோயில் போனாள். ஒன்பது வயதில் அப்பா வில்ஃபிரட் போனார். மிஞ்சியது அக்கா ஒருத்திதான். பன்னிரண்டு வயது மூத்தவள். அப்போது அவளுக்கு ஒரு பஸ் கண்டக்டரோடு நிச்சயமாகியிருந்தது. இருவரும் கனடாவுக்குக் கப்பலேறுவதாக ஏற்பாடு. அவர் சொன்னார்: "நீ வா, பையனை அநாதை இல்லத்துல விட்டுடலாம்." மேவிஸ் மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து தம்பிக்கு உருளைக்கிழங்கு வேக வைத்தாள். அதைப் பற்றி அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

அப்பாவைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அதைவிடக் குறைவு. கணப்பின் முன்னால் ஒரு முதுகு. பீர் வாசனை. "சத்தம் போடாதே" என்ற ஒரு சொல். பிறகு ஒரு புகைப்படம்: உள்ளங்கை அகலம், ஓரம் மடங்கியது. நடுவில் அப்பா, இருபக்கமும் இரண்டு நண்பர்கள், பின்னால் ஒரு ரயில் பெட்டி. பின்புறம் பென்சிலில் எழுத்து: 'டாமி, வில்ஃப், பெர்ட். திமாப்பூர், நவம்பர் 1944.'

அந்தப் படம்தான் அவனைப் பிடித்துக்கொண்டது. ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கோடை விழாவில், பர்மாப் போர்ச் சிப்பாய்களைப் போல உடுத்தி முகாம் போட்டிருந்த ஒரு கூட்டத்தை அவன் பார்த்தான். அவர்களில் ஒருவன் கொசு எண்ணெய் தடவிய முகத்தோடு தகரக் குவளையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நெவில் அங்கேயே நின்றுவிட்டான். அப்பா முகத்தைத் திருப்பி உட்கார்ந்தால் இப்படித்தான் இருந்திருப்பாரோ?

அந்தக் கூட்டத்தில் அவனும் சேர்ந்தான். அன்றிலிருந்து உடுப்பை ஒவ்வொன்றாகச் சேர்த்தான். சட்டை லீட்ஸ் சந்தையில் கிடைத்தது. தொப்பி ஆஸ்திரேலியாவிலிருந்து தபாலில் வந்தது. பெல்ட்டுக்காக நாலு வருஷம் காத்திருந்தான். உட்புறம் 1945 என்று முத்திரை போட்ட ஒன்று சுலபமாகக் கிடைத்தது, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினான். நவம்பர் 44-ல் நிற்கிற மனிதன் 45-ல் செய்த பெல்ட்டை எப்படிக் கட்டுவான்? முதுகுப் பைக்குள் யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் உள்ளே அந்தக் காலத்துச் சோப்பு, பச்சைத் துவாலை, சவரக்கத்தி, ஊசிநூல் பை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

கிழிந்ததையெல்லாம் மேவிஸ் தைத்துக் கொடுத்தாள். மூச்சுத் திணறத் திணறத் தைத்தாள். ஒரு நாள் பொத்தான் ஒன்றை வைத்துத் தைத்தபடி, தலை நிமிராமல் சொன்னாள்:

"ஊர்வலத்துல நீ அப்பாவா நடக்கறதைப் பார்த்துட்டா எனக்குப் போதும்டா. அவரை முழுசா ஒரு தடவை பார்க்கணும். தொப்பி, பெல்ட் எல்லாம் போட்டு. அப்புறம் எப்ப வேணா போறேன்."

அறுபதாவது ஆண்டு ஊர்வலம் ஆகஸ்ட் பதினான்கு, ஞாயிற்றுக்கிழமை. ஜப்பான் சரணடைந்த நாளுக்கு ஊர் எடுக்கிற விழா. அன்று போர் நினைவுத் தூணின் முன் இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவனும் உண்மையில் வாழ்ந்த ஒரு சிப்பாயின் பெயரைச் சட்டைப்பையிலுள்ள பட்டாளச் சம்பளப் புத்தகத்தில் எழுதி வைத்திருப்பான். தலைவர் அந்தப் பெயரை உரக்க அழைப்பார். அவன் ஓரடி முன்னால் வருவான். அந்த ஓரடிக்காகத்தான் இந்த ஒன்பது வருஷமும்.

ஆனால் அதற்கு முன் டெரிக் ஆஷ்வொர்த்தின் சோதனையைத் தாண்ட வேண்டும்.

*

கூட்டத்தின் தலைவரான டெரிக் ஓய்வு பெற்ற தபால்காரர். கூட்டத்தில் எல்லாரும் அவரைக் கேலியாகக் 'கர்னல்' என்பார்கள். தப்பான ஒரு கொக்கி இருந்தாலும் ஆளை வரிசையிலிருந்து இறக்கிவிடுவார். ஜூலையின் அந்தக் கடைசி ஞாயிறு மதியம், பழைய படைவீரர் மன்றத்தின் பின்னறையில், இறைச்சி அடைத்த ரொட்டியும் வேகவைத்த பட்டாணியும் ஒரு மூலையில் ஆவி விட்டுக்கொண்டிருக்க, நெவில் முழு உடுப்பில் அவர் முன்னால் நின்றான்.

டெரிக் சட்டைப் பொத்தானிலிருந்து ஒரு நூலை உருவினார். தீப்பெட்டியை உரசி நூலைக் காட்டினார். நைலான் என்றால் உருகி மணியாகும். பருத்தி என்றால் சாம்பலாகும். சாம்பலானது.

"பருத்திதான். யாரு தைச்சது?"

"அக்கா."

"உன் அக்காவை வரிசையில நிக்க வெச்சு உன்னை வீட்டுக்கு அனுப்பலாம்போல."

எல்லாரும் சிரித்தார்கள். பேக்கரிக்காரன் பாரி வாயில் இறைச்சி ரொட்டியைத் திணித்தபடி சொன்னான்: "கர்னல், இவன் மூஞ்சி வெள்ளையா இருக்கே. காட்டுல மலேரியா மாத்திரை தின்னு எல்லாரும் மஞ்சளா இருந்தாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி இந்தியச் சாப்பாட்டுக் கடையோட மஞ்சக் குழம்புச் சட்டியில இவன் மூஞ்சியை ஒரு முக்கு முக்கி எடுங்க, சரியாயிடும்."

"நீ முதல்ல உன் தொப்பையை 1944-க்குக் கொண்டு வா. பர்மாச் சேனையில அரை வயித்துச் சோறு. நீ பத்து பேர் சோத்தைத் தின்னவன் மாதிரி நிக்கற."

டெரிக் மறுபடியும் நெவிலைச் சுற்றி வந்தார். பெல்ட்டைப் புரட்டி முத்திரை பார்த்தார். பூட்ஸ் ஆணிகளை விரலால் தடவினார். கடைசியில் கழுத்துக்கு வந்தார். அங்கே ஒரு துணியைச் சுற்றி இடப்பக்கம் முடிச்சுப் போட்டுச் சட்டைக்குள் செருகியிருந்தான் நெவில்.

"இது என்ன?"

"வியர்வைத் துணி."

"இப்படி இடப்பக்கம் முடிச்சுப் போட்டு நான் ஒரு படத்துலயும் பார்த்ததில்ல. எடுத்துடு."

"எங்கப்பா இப்படித்தான் கட்டியிருந்தார்."

"படம் இருக்கா? படம் இல்லைன்னா இங்க பேச்சே இல்ல, உனக்கே தெரியும்."

நெவிலுக்குக் கோபத்தோடு ஒரு கர்வமும் வந்தது. இத்தனை வருஷத்தில் அந்தப் படத்தை அவன் யாருக்கும் காட்டியதில்லை, வாயால்தான் சொல்லியிருக்கிறான். இப்படி ஒரு சண்டை வருமென்று தெரிந்தேதான் போன வாரம் படம் கழுவித் தரும் கடைத்தெரு மருந்துக்கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தான். உறையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தான்.

"பாருங்க, கர்னல். இடப்பக்கம்."

டெரிக் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "ஆமா. இடப்பக்கம்தான். நான் தோத்தேன்," என்றார். பாரி கை தட்டினான். ஆனால் டெரிக் நிமிரவில்லை. பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இடப்பக்க மனிதனைப் பார்த்தார், வலப்பக்க மனிதனைப் பார்த்தார், நடுவில் வந்தார். மறுபடியும் இடப்பக்கம் போனார். அந்த அறையில் பட்டாணி கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"பாரி, நீங்கள்லாம் வெளிய போய்ச் சாப்பிடுங்க."

"மழை பெய்யுது கர்னல்."

"போய்யான்னா."

அவர்கள் போனார்கள். டெரிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு நெவில்."

"என்ன, பூட்ஸ் தப்பா?"

"இந்தப் படத்துல உங்கப்பா இடுப்புல பெல்ட் எங்க?"

"வெயில். கழட்டி வெச்சிருப்பார்."

"தொப்பி?"

"அதுவும்தான். நண்பர்களோட நிக்கும்போது எல்லாமா மாட்டிக்கிட்டு நிப்பாங்க?"

"அந்த ரெண்டு பேரும் மாட்டியிருக்காங்களே." டெரிக்கின் குரல் மெத்தென்று ஆகிவிட்டது, அதுதான் நெவிலைப் பயமுறுத்தியது. "ரெண்டு பேருக்கும் தொப்பி, பெல்ட், தோள்ல துப்பாக்கி. உங்கப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. அவரோட மூட்டையையும் இந்த டாமி சேர்த்துத் தூக்கிட்டு நிக்கறான், பாரு, ரெண்டு மூட்டை. பின்னால ரயில். ஒரு சிப்பாய்கிட்ட இருந்து பெல்ட்டையும் தொப்பியையும் சேர்த்து எப்பப் பிடுங்குவாங்க? சொல்லு. நம்ம கூட்டத்துல உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

நெவிலுக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூட அவன் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். கைதான சிப்பாயிடமிருந்து.

ஐயோ, அந்த நிமிஷத்தை என்னவென்று எழுதுவது! ஒன்பது வருஷம் அந்தப் படத்தின் ஒவ்வொரு பொத்தானையும் எண்ணியவன். பூட்ஸ் கயிற்றின் குறுக்குப் பின்னலைக்கூட அளந்தவன். மற்றவர்களின் படத்தில் ஒரு கொக்கி தப்பினாலும் கண்டுபிடிப்பவன். தன் அப்பா என்று வந்தபோது அவன் கண் முகத்திலேயே நின்றுவிட்டது. முகத்தில் இல்லாததைத் தேடித் தேடி, இடுப்பில் இல்லாததை அவன் பார்க்கவே இல்லை.

"காவலுக்கு வந்தவங்க, ஆனா நண்பர்களும்தான்," என்றார் டெரிக். "ஒரே படைப்பிரிவு ஆளுங்களைத்தான் காவலுக்குப் போடுவாங்க. யாரோ ரயிலுக்கு நிக்கற நேரத்துல படம் எடுத்திருக்கான். அவன் எந்த மனசோட எடுத்தானோ."

"என்ன செஞ்சிருப்பார்?"

"படம் அதைச் சொல்லாதுப்பா."

"என் உடுப்பு… பாஸா, இல்லையா?"

டெரிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "44 நவம்பர்ல அந்தப் படையில இருந்த ஒரு சிப்பாய்னா, பாஸ். இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததில்ல. வில்ஃபிரட் ஹார்கிரீவ்ஸ்னு கேட்டா…" அவர் படத்தை நெவில் பக்கம் தள்ளினார். "நான் ஒண்ணும் பார்க்கல நெவில். அந்தப் படத்தை உறையில போட்டுடு. பதினாலாம் தேதி நான் அவர் பேரைக் கூப்பிடறேன், நீ முன்னால வா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே," என்றான் நெவில்.

*

அவன் உடை மாற்றாமல், தொப்பியைக் கையில் பிடித்து, மேலே மழைக்கோட்டை மட்டும் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். மலையிறக்கத்துத் தெருவில் ஆணி பூட்ஸ் கல்லில் மோதி ஒலித்தது. சிரமப்பட்டுச் சேர்த்த அத்தனை எடையும் இப்போதுதான் தோளில் உறைத்தது. அக்காவிடம் என்ன சொல்வது? சாகக் கிடக்கிறவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் பொய்யாகக் கொடுப்பதா? உண்மையைச் சொல்லி அவள் அப்பாவை அவளிடமிருந்து பிடுங்குவதா?

மேவிஸ் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவனை வாசலில் பார்த்ததுமே அவள் முகம் மாறியது.

"கர்னல் தோத்துட்டாரா, நீ தோத்துட்டியா?"

"பாஸ் ஆயிட்டேன்."

"அப்ப ஏண்டா செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கற? நான் இன்னும் சாகலையே!"

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, பெரிதாக்கிய படத்தை அவள் மடியில் வைத்தான். ஒரு விரலால் அப்பாவின் இடுப்பைத் தொட்டுக் காட்டினான்.

மேவிஸ் அதைப் பார்க்கவே இல்லை. அவனைத்தான் பார்த்தாள்.

"இதைப் பார்க்க ஒன்பது வருஷம் ஆச்சா உனக்கு," என்றாள் மெதுவாக.

நெவில் படத்திலிருந்து விரலை எடுத்தான். "உனக்குத் தெரியுமா?"

"எனக்கு அப்ப ஆறு வயசு. பட்டாளத்துல இருந்து ஒரு காகிதம் வந்துது. அம்மா ஒரு வாரம் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பல. ரொட்டிக் கடையில பொம்பளைங்க நாங்க உள்ள போனதும் பேச்சை நிறுத்திடுவாங்க. எதிர்வீட்டுப் பையன் என்னைப் பார்த்துக் கோழி மாதிரி கொக்கரிச்சுக் காட்டுவான். கோழின்னா கோழைன்னு அர்த்தம், ஆறு வயசுல எனக்கு அது புரியல. நானும் திருப்பிக் கொக்கரிச்சேன்."

"மேவ்…"

"ஊர்ல எல்லா அப்பாவும் ஸ்டேஷன்ல பாண்டு வாத்தியத்தோட வந்து இறங்கினாங்க. நம்ம அப்பா பின்சந்து வழியா வந்தார். சமையலறைக் கதவைத் தட்டிட்டு, பால்காரன் மாதிரி நின்னார்."

அவள் முகமூடியை எடுத்து ஆக்சிஜனை இழுத்தாள்.

"அம்மா செத்த அன்னைக்கு ஒரே ஒரு தடவை எங்கிட்ட சொன்னார். மழைக்காலம் பூரா நடந்தாங்களாம். மலை ஏறி, இறங்கி, ஏறி. ஒரு நாள் காலையில பாதை ஓரத்துல உட்கார்ந்துட்டாராம். 'எழுந்திருக்கச் சொன்னாங்க மேவிஸ். அதட்டினாங்க. கெஞ்சினாங்க. துப்பாக்கியைக் காட்டினாங்க. எனக்கு எழுந்திருக்கத்தான் தோணிச்சு. காலு வரல.' அவ்வளவுதான். ஓடல, யாரையும் காட்டிக் கொடுக்கல. உட்கார்ந்துட்டார். எட்டு மாசம் உள்ள வெச்சாங்க."

வெளியே மழை ஜன்னலில் சரிந்து இறங்கியது. நெவில் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல? நீ உட்கார்ந்து பொத்தான் தைச்சியே! இந்தப் பெல்ட்டுக்கு நான் நாலு வருஷம் அலைஞ்சேனே! கூடவே இருந்து பார்த்துட்டு இருந்தியே!"

"எப்படிடா சொல்லுவேன்? உயிரோட இருந்தப்ப அவர் உங்கிட்ட பத்து வார்த்தை பேசியிருப்பாரா? இந்தத் துணி வழியாத்தான் நீ அவரைத் தெரிஞ்சுக்கிட்ட. அதையும் பிடுங்கச் சொல்றியா?" அவள் குரல் உடைந்தது. "எனக்கும் ஆசைடா. அவர்கிட்ட இருந்து எடுத்ததை அவருக்கு யாருமே மனசாரத் திருப்பிக் கொடுக்கல. என் தம்பி கொடுப்பான், நான் பார்த்துட்டுப் போறேன்னு நினைச்சேன். தப்பா?"

தம்பி எழுந்தான். மழைக்கோட்டைக் கழற்றினான். "ஊர்வலம் வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இப்பவே பாரு," என்றான்.

பெல்ட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். அவள் அதை அவன் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள். பித்தளைக் கொக்கியை அழுத்த அவளுக்கு வலுவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை, நழுவியது. அவன் தன் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினான். கொக்கி மாட்டியது. கட்டிலில் அவன் வைத்திருந்த தொப்பியை அவளே எடுத்து, அவன் குனிய, தலையில் வைத்தாள். நெவில் ஜன்னலோரம் போய் நிமிர்ந்து நின்றான். குதிகால் சேர்ந்தது. தோள் விரிந்தது.

மேவிஸ் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் கண் அவன் தொப்பியிலிருந்து பூட்ஸ் வரை இறங்கியது, மறுபடி ஏறியது. எதையோ தேடுகிறவள் போல.

"என்ன மேவ்?"

அவள் உதடு பிதுங்கியது. குழந்தை அழுகிற மாதிரி அழுகை வந்தது.

"இது யாரோடா. எனக்கு இவரைத் தெரியல."

"மேவ், நான் பொத்தானுக்குப் பொத்தான் பார்த்துத்தான்…"

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. யாரோ ஒரு நல்ல சிப்பாய். நம்ம வீட்டுக்கு வந்தவர் இல்ல." அவள் மூச்சுக்குத் தவித்தாள். "கழட்டிடுடா. தொப்பியைக் கழட்டு. பெல்ட்டையும்."

அவன் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். கொக்கியை விடுவித்தான். பெல்ட் போனதும் சட்டை தொளதொளவென்று விழுந்தது. மழையில் நனைந்த நரைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. நாள் முழுவதும் சுமந்த அலுப்பில் அவன் தோள் தானாகத் தொங்கியது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தான்.

"ஆ," என்றாள் மேவிஸ்.

ஏழு வயதிலோ எட்டு வயதிலோ பின்கதவில் அப்பாவைக் கண்ட சிறுமியின் குரல் போல இருந்தது அது.

"அப்படியே நில்லு. அசையாத. இவர்தான். பட்டாளத்துல இருந்து வந்த அப்புறம் சாகிற வரைக்கும் அவர் பெல்ட் கட்டல, தெரியுமா? சணல் கயிறுதான். இந்த ஊர்ல ஆலைக்குப் போற அத்தனை ஆம்பளையும் தொப்பி போட்டுட்டுப் போவாங்க. மழையா பனியா, அவர் மட்டும் வெறுந்தலையோட போவார். அம்மா புதுசா ஒண்ணு வாங்கி ஆணியில மாட்டி வெச்சா. 'எனக்கு அது கிடையாது ஐவி'ன்னார். அம்மா அழுதா. நான் பார்த்துட்டிருந்தேன்."

நெவில் அசையவில்லை. அவன் கன்னத்தில் நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கை உயரவில்லை.

"அப்பா," என்றாள் மேவிஸ், அவனைப் பார்த்து. "டீ வெச்சிருக்கேன். உள்ள வாங்க. குளிருது."

அவள் உணர்வோடுதான் சொன்னாளா, மூச்சுக் குறைந்த மயக்கத்தில் சொன்னாளா? அதை அவன் கேட்கவில்லை. அவள் கண் மூடித் தூங்கும் வரை அதே இடத்தில், அதே தொங்கிய தோளோடு நின்றான்.

*

இலை உதிர்வதற்கு மேவிஸ் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் ஐந்தாம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், நெவில் மீன் வறுவல் வாங்கப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பொட்டலத்தைப் பிரிக்காமலே அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எண்ணெய் காகிதத்தில் ஊறி, காகிதம் குளிர்ந்து, வெளிச்சம் போயிற்று.

அடக்கத்துக்கு அவன் கூட்டத்தார் எல்லாரும் சாதாரணக் கறுப்பு உடையில் வந்தார்கள். பாரி பெரிய தட்டில் ஹாம் ரொட்டி கொண்டுவந்தான். ஒரு கேலியும் சொல்லவில்லை. டெரிக் கடைசியாகக் கிளம்பினார். வாசலில் நின்று, தொண்டையைச் செருமினார்.

"பதினாலாம் தேதி…"

"நான் வரல."

"பட்டியல்ல உங்கப்பா பேரை அச்சடிச்சாச்சு நெவில். எடுக்கச் சொல்றியா?"

நெவில் வாசல் கம்பியைப் பிடித்தபடி யோசித்தான். "உங்க இஷ்டம்," என்றான்.

ஊர்வல நாளில் அவன் அடக்கத்துக்குப் போட்ட அதே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நடைபாதையில் நின்றான். தூறிக்கொண்டிருந்தது. சக்கர நாற்காலிகளில் உண்மையான கிழவர்கள், மடியில் பிளாஸ்டிக் விரிப்போடு, பதக்கங்களோடு வந்தார்கள். பிறகு வாத்தியம். பிறகு காட்டுப் பச்சையில் அவன் கூட்டம். பாரியின் தொப்பையைப் பார்த்து யாரோ சிரித்தார்கள்.

நினைவுத் தூணின் முன் வரிசை நின்றது. டெரிக் காகிதத்தைப் பார்க்காமல் பெயர்களை அழைத்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஆள் ஓரடி முன்னால் வந்தான். ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் நடுவில் ஒரு ஆள் அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார்கள்.

"வில்ஃபிரட் ஹார்கிரீவ்ஸ்!"

அந்தக் குரல் சந்தைக் கட்டிடத்தில் மோதித் திரும்பியது. யாரும் அசையவில்லை. டெரிக் அடுத்த பெயருக்குப் போகவில்லை. ஓரடி எடுத்து வைக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். அதற்கு மேலும் காத்திருந்தார். தூறல் அந்த இடைவெளியில் விழுந்து கல்லை நனைத்தது.

நெவிலுக்குப் பக்கத்தில் குடை பிடித்திருந்த ஒரு மனிதர் எட்டிப் பார்த்தார். "யாரு அது, வராதது?"

"எங்கப்பா," என்றான் நெவில்.

"அடடா. உடம்புக்கு முடியலையா?"

"ரொம்ப நடந்துட்டார். களைச்சுப் போய் உட்கார்ந்துட்டார்."

"பாவம், வயசாயிடுச்சுல்ல," என்று சொல்லி அந்த மனிதர் குடையைப் பாதி நெவில் பக்கம் சாய்த்தார். அடுத்த பெயர் ஒலித்தது.